மூடி சிஸ்டரும் அவள் ஓரகத்தியும்

அந்த ஆஸ்பத்திரியில் மூடி சிஸ்டர் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று மட்டும் வெளியே வரும். இரண்டாவது மாடி ஆண்கள் வார்டில் நர்ஸ் வேலை. திறந்து கிடக்கும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தண்ணீர் பாட்டில், மருந்துக் குப்பி, நோயாளியின் ஃபிளாஸ்க், எது மூடியில்லாமல் இருந்தாலும் அவள் கை தானாகப் போய் மூடிவிட்டு வரும். பெரிய டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால், அதை வாங்கி மூடித் திருப்பிக் கொடுப்பாள். அவரும் யோசித்து முடித்தபின் மறுபடி திறந்து எழுதுவார். அவரே பழகிப் போய்விட்டார் என்றால் மற்றவர்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் கணவன் பஸ் ஓட்டுகிறவன், வாய்த்துடுக்கு உள்ளவன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கொட்டாவி விட வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் வாய்க்கும் ஒரு மூடி கொண்டுவந்துவிடுவாள் என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவளும் கேட்டுச் சிரிப்பாள். கோபம் வந்தால் மட்டும், முதலில் உன் வாயைத்தான் மூட வேண்டும் என்பாள்.

இத்தனை மூடுகிற கைக்கு ஒன்றை மட்டும் மூடக் கூடாது என்று தெரியும். உடம்பில் குத்தி எடுத்த ஊசி அது. நர்ஸ் படிப்பில் முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கையில் ஊசி, மறு கையில் விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. கொஞ்சம் குறி தவறினால் ஊசி உன் விரலில் ஏறும், நோயாளியின் ரத்தத்தில் என்ன இருந்ததோ அது உன் ரத்தத்துக்கு வந்துவிடும். அதனால் குத்தினாயா, மூடாமல் அப்படியே போட்டுவிடு. இந்த ஒரு விஷயத்தில் அவள் பழக்கத்தை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஓரகத்தி அங்கே வேலைக்கு வரும்வரை.

ஓரகத்தி என்றால் கணவனின் அண்ணன் மனைவி. வீட்டில் பெரியவள். அந்த அண்ணன் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்காமலே போய்விட்டார். பெரியவளும் அவள் பெண்ணும் எங்கே போவார்கள்? அதே வீட்டில், அதே அடுப்படியில் இருந்தார்கள். பெரியவள் வாயில்லாப் பூச்சி. நாலு கேள்வி கேட்டால் அரை பதில் வரும். ஆனால் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற குறுகுறுப்பு அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிடமாட்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மூடி சிஸ்டர் மேற்பார்வையாளரைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தாள்.

சேர்ந்த முதல் மாதமே வந்தது வினை. அப்போதெல்லாம் ஊசிகளுக்குத் தனிப் பெட்டி கிடையாது. பஞ்சு, கட்டுத்துணி, ஊசி எல்லாம் ஒரே மெல்லிய பைக்குள் போகும். பெரியவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பை காலில் உரசியது. உள்ளிருந்த ஊசி ஒன்று ஆடுசதையில் ஏறியது. யாருக்குப் போட்ட ஊசி என்று கடவுளுக்கே தெரியாது. எய்ட்ஸ் கிருமி ஏறியிருக்குமோ என்று ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இன்னும் சில மாதம் கழித்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

அந்தச் சில மாதம் அந்த வீடு வீடாக இல்லை. பெரியவள் தனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் ஒதுக்கிக்கொண்டாள். பெற்ற பெண்ணைக்கூடப் பக்கத்தில் படுக்க விடவில்லை. தட்டிலும் தலையணையிலும் இது தொற்றாது என்று சின்னவளான மூடி சிஸ்டர் நூறு தடவை சொன்னாள். பெரியவள் நூறு தடவையும் தலையாட்டிவிட்டுத் தட்டைத் தனியாகக் கழுவினாள். ஊசி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிடும். அதனால் வீட்டில் அந்த வார்த்தையையே எடுக்கக் கூடாது என்று ஆகிப்போனது. பட்டன் தைக்கிற ஊசியைக்கூட அங்கே 'தைக்கிறது' என்றுதான் சொன்னார்கள்.

கடைசியில் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கணவன் பெருமூச்சு விட்டான். சின்னவளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டது நான்தானே என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் வார்டில் ஒருவருக்கு ரத்தம் எடுத்தாள். ஊசியைத் தட்டில் வைக்கப் போனவள் நின்றாள். இது கீழே போகும், அக்கா தூக்குவாள் என்று நினைத்தாள். மூடியை எடுத்து ஊசியில் மாட்டி அழுத்தினாள். அதற்குப் பிறகு ஒரு ஊசியைக்கூட அவள் திறந்தபடி விட்டதில்லை. போதாததற்கு, வேலை முடிகிற நேரத்தில் மற்ற நர்சுகளின் தட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்து, விட்டுப்போனதையெல்லாம் மூடிவிட்டுத்தான் கிளம்புவாள். இரண்டு மூன்று தடவை அவள் விரலிலேயே லேசாகக் கீறியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள், மூச்சு விடவில்லை. ஏன் மூடுகிறாள் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவளிடம் சொல்லலாம்தான். ஆனால் ஊசிப் பேச்சுதான் வீட்டுக்குள் வரக் கூடாதே.

பிறகு பெட்டிகள் வந்தன. கெட்டிப் பிளாஸ்டிக், ஊசி துளைக்காது, உள்ளே இருப்பது வெளியே மங்கலாகத் தெரியும். கூடவே தொற்றுத் தடுப்புக்கென்று ஒரு சிஸ்டர் வந்தாள். தடுப்பு சிஸ்டர் என்று இரண்டே நாளில் அவளுக்கும் பெயர் விழுந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள். எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தாள். குத்தின ஊசியை நேரே பெட்டியில் போடுங்கள், மூடவே மூடாதீர்கள், மூடும்போதுதான் பாதிப் பேருக்குக் குத்துகிறது என்றாள். மூடி சிஸ்டர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியை எவளாவது கழுத்துவரை ரொப்புவாள், மேல்மூடி சரியாக உட்காராது, அதைத் தூக்குவது நீயா, என் அக்காவா என்று அவள் மனசு கேட்டது. வாய் கேட்கவில்லை. பெட்டிக்குப் பெட்டியும் ஆச்சு, மூடிக்கு மூடியும் ஆச்சு என்று இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் எல்லா வார்டுப் பெட்டிகளும் அடித்தளத்தில் இருக்கும் கழிவுக் கிடங்குக்குப் போகும். வண்டி வந்து ஏற்றுவதற்குமுன் தடுப்பு சிஸ்டர் இறங்கிவந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மூடி போட்ட ஊசி தெரிந்தால் எந்த வார்டு என்று ஒட்டிய சீட்டைப் பார்ப்பாள். ஆண்கள் வார்டில் யார் கைவரிசை என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. ஒரு மெமோ வந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது மெமோ வந்த அன்று மூடி சிஸ்டர் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். சாப்பிடவில்லை. நல்லதுக்குக் காலமே இல்லை, அனுப்பினால் அனுப்பட்டும், என் பழக்கத்தை நான் விடமாட்டேன் என்று அடுப்படியில் நின்று கத்தித் தீர்த்தாள். கணவன் வழக்கம்போல ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

அதிசயம் என்னவென்றால், மூன்றாவது மெமோ வரவே இல்லை. மூடி சிஸ்டர் மூடிக்கொண்டேதான் இருந்தாள். வாரம் போயிற்று, மாதம் போயிற்று. ஒருநாள் தடுப்பு சிஸ்டர் வார்டுக்கே வந்து, இப்போது உங்கள் பெட்டிதான் இருப்பதிலேயே சுத்தம் என்று முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மூடி சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்த்தாயா, நம் பிடிவாதத்தைப் பார்த்து அவளே இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குப் பெரியவளும் அதிசயமாகக் கொஞ்சம் சிரித்தாள். ஒரே அடுப்படியில் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தியாவது அப்போது வாயைத் திறந்திருக்கலாம். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சின்னவளுக்கு விடுமுறை நாள் அது. சாயங்காலம் பெரியவள் வேலை முடிந்து வந்தாள்; பையை மூலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். சின்னவள் பாத்திரம் துலக்க உட்கார்ந்தவள், அக்காவின் சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்துக் கழுவிவிடலாம் என்று பையிலிருந்து எடுத்தாள். டப்பா கலகலவென்றது. பாவம், இன்றைக்கும் சாப்பிடாமல் எதையோ மிச்சம் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துத் திறந்தாள்.

உள்ளே விளிம்புவரை ஊசி மூடிகள். விரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மூடிகள், ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி. சிலவற்றின் வாயில் பழுப்பாகக் காய்ந்த கறை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வார்டில் தான் மாட்டிய மூடிகள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது, ஆனால் அவை ஏன் அக்காவின் சாப்பாட்டு டப்பாவில் இருக்கின்றன என்று புத்திக்கு எட்டவில்லை. குழாயில் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

பெரியவள் ஈரத் தலையோடு வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"நீ ஏம்மா அத தொறந்த? நானே கழுவிக்குவேன்ல."

"இதெல்லாம் என்னக்கா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டாவது மெமோவுக்கு மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். தினமும் தடுப்பு சிஸ்டர் இறங்கி வருவதற்குமுன் அடித்தளத்துக்குப் போவாள். ஆண்கள் வார்டுப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தின்மேல் கவிழ்ப்பாள். மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, ஊசிகளை மட்டும் மறுபடி பெட்டிக்குள் போட்டுவிடுவாள். கையுறை போட்டால் வழுக்குகிறது என்று வெறுங்கையால்தான் கழற்றுவாள். கழற்றிய மூடிகளை அங்கேயே போட்டால் யாராவது பார்த்துவிடுவார்களே. அதனால் டப்பாவில் அடைத்து எடுத்துவந்து, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வீட்டுக்குள் வருவாள். இன்றைக்குத் தொட்டிப் பக்கம் ஆள் நின்றதாம்.

"மூணாவது மெமோ வந்தா உன் வேலை போயிடும்னு சொன்னியே. நீ வாங்கிக் குடுத்த வேலையில நான் இருந்துகிட்டு, உன் வேலை போறத எப்படிப் பாத்துகிட்டு இருப்பேன்?"

சின்னவள் டப்பாவுக்குள் மறுபடி பார்த்தாள். எத்தனை நாள், நாளைக்கு எத்தனை ஊசி! மேலே தான் ஒவ்வொன்றாக மாட்டியதைக் கீழே இவள் ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறாள். பெட்டிக்குள் போய்விட்ட ஊசியைத் தொட யாருக்குமே அவசியம் இருந்திருக்காது. தான் மூடாமல் இருந்திருந்தால் அக்கா அந்தப் பெட்டியைத் திறந்தே இருக்கமாட்டாள். பேயறைந்தவள்போல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் கண், பெரியவளின் இடது கட்டைவிரலில் போய் நின்றது. ஒரு துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்று நேற்றுச் சொல்லியிருந்தாள்.

"அந்த வெரல்ல என்ன?"

"அதான் சொன்னேனே, கத்தி."

"அக்கா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பெரியவள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முந்தாநாள் காலையில."

சின்னவள் விரல் விட்டு நாளை எண்ணினாள். குத்தியதிலிருந்து மூன்று நாளுக்குள் மாத்திரையை ஆரம்பித்தாக வேண்டும். அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள் என்றால்தான் நல்லது, நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். வார்டில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் முழுசாகப் போய்விட்டது. இரண்டு நாளும் தன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அக்கா சாப்பிட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். பெரியவள் வாசலில் கால் ஊன்றி நின்றாள். எப்படிக் குத்தியது என்று கேட்பார்களே, என்ன சொல்வது, உனக்கல்லவா மூன்றாவது மெமோ வரும் என்று தயங்கினாள். சின்னவள் போகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி, அக்காவை உள்ளே தள்ளித் தானும் ஏறிக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா விரலைப் பார்த்தாள். தடுப்பு சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவளும் வந்து பேனாவும் காகிதமுமாக நின்றாள். மூடி சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை. தான் மூடியது, அக்கா கழற்றியது, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். தடுப்பு சிஸ்டரின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவள் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. சுத்தமான பெட்டி என்று தட்டிக் கொடுத்தவள் அவள்தானே.

யாருடைய ஊசி என்று தெரிந்தால் நல்லது, பெரும்பாலும் தெரியாது, பரவாயில்லை என்றாள் டாக்டரம்மா. எப்படிக் குத்தியது என்று பெரியவளிடம் கேட்டாள். பெரியவள் தன் வாழ்நாளிலேயே அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும்.

"மத்ததெல்லாம் ஒரு இழுப்புல வந்துடும் டாக்டரம்மா. அது ஒண்ணு மட்டும் இறுகிப் போய்க் கெடந்துச்சு. திருகிப் பாத்தேன், வரல. அப்புறம் பலமா இழுத்தேன். திடீர்னு கழண்டுச்சு. கை போன வேகத்துக்குத் திரும்பி வந்து ஊசி இந்த வெரல்ல ஏறிடுச்சு."

முந்தாநாள் விடியற்காலை மூடி சிஸ்டரின் கண்முன் வந்து நின்றது. ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஊசி போட வந்தால் முதலில் இவளைச் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவர் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறது என்று அதற்கு முந்தின நாள்தான் முடிவு வந்திருந்தது. மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். வழக்கம்போல மூடியை மாட்டினாள். அப்புறம், இது சாதாரண ஊசி இல்லையே என்று கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். திருப்திப்படாமல் இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

டாக்டரம்மாவிடம் குனிந்து கட்டில் எண்ணைச் சொன்னாள். டாக்டரம்மா தடுப்பு சிஸ்டரைப் பார்த்தாள், அவள் ஓடிப்போய் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"அத்தனை ஊசியில அதுதான்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"அது ஒண்ணைத்தான் நான் ரெண்டு தடவ அழுத்தி மூடினேன்."

தடுப்பு சிஸ்டரின் கையிலிருந்த பேனா காகிதத்தின்மேலேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா தானே எழுந்துபோய் மாத்திரை எடுத்துவந்தாள். ஒரு குத்தலில் தொற்றுகிற வாய்ப்புக் குறைவுதான், காலம் கடப்பதற்குமுன் வந்துவிட்டீர்கள், ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் ரத்தம் பார்த்துச் சொல்ல முடியும் என்றாள். பெரியவளுக்கு இதெல்லாம் ஏற்கெனவே கேட்ட பேச்சு. இந்தத் தடவை வீட்டுக்குப் போனதும் தட்டை எங்கே ஒதுக்கிவைப்பது என்றுகூட யோசித்திருப்பாள். மாத்திரையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு ஓரகத்தியைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எல்லாத்தையும் மூடறது உன் பழக்கம்னு தெரியும். அத மட்டும் ஏம்மா அவ்வளவு இறுக்கின?"

வார்டே அடங்கிப்போகும்படி பேசுகிற மூடி சிஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"பழக்கம் இல்லக்கா. உனக்குக் குத்தக் கூடாதுன்னுதான்."

பெரியவள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். தடுப்பு சிஸ்டர் நீட்டிய தண்ணீரை வாங்கினாள். குடிக்க மறந்து, அந்தக் கசப்பை நாக்கிலேயே வைத்துக்கொண்டு ஓரகத்தியைப் பார்த்தபடி இருந்தாள்.